‘வுட்பி’ முதல் ‘வுட் ஹேவ்’ வரை

இந்த இதழ் முழுக்க ஒரே சொல்தான். போன இதழில் ‘வில்’ பற்றி ஒருவருக்குப் பதில் சொன்னேன். உடனே ‘அப்போ வுட்?’ என்று கேட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். ‘வில் என்பதன் இறந்தகாலம் வுட்’ என்று இலக்கணப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு லீவு லெட்டர்கூட எழுத முடியாது.

என் மகன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக வேலை பார்க்கிறான். ஒரு ஃபைல் வந்து சேரவில்லையே என்று அங்கிருந்து மேலாளர் கேட்டதற்கு, ‘ஐ வுட் ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே’ என்று பதில் போட்டான். ‘பிறகு ஏன் அனுப்பவில்லை?’ என்று அவர் கேட்டாராம். இவனோ உண்மையிலேயே அனுப்பியிருந்தான். தப்பு எங்கே?
— இல்லத்தரசி, மதுரை

உங்கள் மகன் மனதுக்குள் சொன்னது ‘நேத்தே அனுப்பியிருப்பேனே!’ என்பது. தமிழில் அதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் நம்முடைய ‘இருப்பேன், இருப்பார்’ இரண்டு வேலை செய்கிறது. ‘பஸ் கிடைத்திருந்தால் நேற்றே வந்திருப்பேன்’ என்றால், நான் வரவில்லை. ‘மாமா இந்நேரம் சாப்பிட்டிருப்பார்’ என்றால், சாப்பிட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். முதலாவது நடக்காதது, இரண்டாவது நடந்திருக்கும் என்ற ஊகம். எது எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பேச்சின் போக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆங்கிலத்திலும் ‘வுட் ஹேவ்’ இந்த இரண்டு வேலையையும் செய்யும். ‘ஹி வுட் ஹேவ் லெஃப்ட் பை நௌ’ என்று வெள்ளைக்காரரும் சொல்வார். இந்நேரம் கிளம்பியிருப்பார் என்றுதான் பொருள். ஆனால் ஊகம் என்பது பெரும்பாலும் அடுத்தவரைப் பற்றியது. கூடவே ‘பை நௌ’ மாதிரி ஒரு துணையும் இருக்கும். ‘ஐ’ என்று தொடங்கி நாமே செய்த ஒரு காரியத்துக்கு ‘வுட் ஹேவ்’ போட்டால், கேட்கிறவர் காது முதல் அர்த்தத்துக்குத்தான் போகும்: அனுப்பியிருப்பேன், ஆனால் ஏதோ தடுத்துவிட்டது. தான் செய்ததைத் தானே ஊகிக்க வேண்டிய அவசியம் யாருக்கு வருகிறது? அந்த மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி.

டாக்டர் ‘காலையில் மாத்திரை போட்டீர்களா?’ என்று கேட்கும்போது ‘ஐ வுட் ஹேவ் டேக்கன்’ என்று சொன்னால் இதே கதைதான். அவர் போடவில்லை என்று குறித்துக்கொள்வார். ‘ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ நோ?’ என்று சென்னை அலுவலகங்களில் நாளுக்கு நாலு முறை காதில் விழும். நமக்குள் பேசும்போது அது ‘சொல்லியிருப்பேனே’ என்று சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கடல் தாண்டிப் போகும்போதுதான் வம்பு.

அனுப்பியது நிச்சயம் என்றால் ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே’ போதும். லேசாகச் சந்தேகம் என்றால் முன்னால் ‘ஐ திங்க்’ சேர்க்கட்டும். அனுப்பிய நினைவு இல்லை, ஆனால் அனுப்பாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்றால் ‘ஐ மஸ்ட் ஹேவ் சென்ட் இட்’.

‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்று எழுதினேன். ஆசிரியர் முதல் ‘வுட்’டை மட்டும் சுழித்துவிட்டார். இரண்டாவது எப்படித் தப்பியது?
— கல்லூரி மாணவி, விருதுநகர்

இதை எந்த விதியும் இல்லாமல் உங்கள் தமிழே சொல்லிவிடும். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.’ இந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ‘தெரிந்திருந்தால்’ என்பதில் இருப்பது ‘இருந்த்’, அதாவது இறந்தகால உருவம். அங்கே ஆங்கிலத்துக்கும் இறந்தகாலம்தான்: ‘இஃப் ஐ ஹேட் நோன்’. ‘வந்திருப்பேன்’ என்பதில் இருப்பது ‘ப்ப்’, எதிர்கால உருவம். அங்கேதான் ‘வுட்’ உட்காரும். ‘தெரிந்திருப்பால்’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா? அதுதான் நீங்கள் எழுதிய முதல் பாதி.

நடக்கக்கூடியதைச் சொல்லும்போதும் இப்படியே. ‘லாட்டரி விழுந்தால் வீடு கட்டுவேன்’: ‘இஃப் ஐ வன் எ லாட்டரி, ஐ வுட் பில்ட் எ ஹவுஸ்.’ விழுந்தால் என்பது இறந்தகாலம், கட்டுவேன் என்பது எதிர்காலம். இன்னும் விழாத லாட்டரிக்கு நாமும் இறந்தகாலம் போடுகிறோம், அவர்களும் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை இருப்பதால் இந்த உதாரணத்தை இலக்கணத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கர்களிலேயே நிறையப் பேர் பேச்சில் உங்கள் வாக்கியத்தை அப்படியே சொல்வார்கள். அதைக் காட்டி ஆசிரியரிடம் வாதாட வேண்டாம், பரீட்சைத் தாளில் மதிப்பெண் வராது. இன்னொன்று: ‘இஃப் யூ வுட் வெயிட் ஹியர், ப்ளீஸ்’ என்று வரவேற்பறைப் பெண் சொன்னால் அது தப்பில்லை. அங்கே அவர் நிபந்தனை போடவில்லை. தயவுசெய்து காத்திருங்கள் என்று கேட்கிறார்.

பேப்பரில் ‘த மினிஸ்டர் வுட் விசிட் திருச்சி டுமாரோ’ என்கிறார்கள். மின்தடை அறிவிப்பிலும் ‘வுட்’. அழைப்பிதழிலும் ‘வுட்’. ‘வில்’ என்ன ஆனது?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

வங்கியில் வேலை பார்த்தவருக்குக் கண்ணில் படாமல் போகுமா! நம் நாட்டு ஆங்கிலத்தில் இது ரொம்பவே அடர்த்தியாக இருக்கிறது. பிரிட்டிஷ் நாளிதழ் என்றால் அந்த வாக்கியத்தில் ‘வில்’தான் இருக்கும்.

எப்படி வந்திருக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு கணிப்பு உண்டு. ‘த கலெக்டர் செட் த ஒர்க் வுட் பி கம்ப்ளீட்டட் பை மார்ச்’ என்பது சுத்தமான வாக்கியம். கலெக்டர் வாயால் சொன்னது ‘வில்’. அதை நிருபர் ‘செட்’ என்று இறந்தகாலத்தில் அறிவிக்கும்போது ‘வில்’ பின்னுக்கு நகர்ந்து ‘வுட்’ ஆகிறது. பிறகு இடம் போதவில்லை என்று உதவி ஆசிரியர் ‘த கலெக்டர் செட்’டை வெட்டுகிறார். சொன்னவர் போய்விட்டார், ‘வுட்’ மட்டும் அநாதையாக நிற்கிறது. தினமும் இதையே படித்து வளர்ந்த நாம், வரப்போகும் காரியத்துக்கு அதுதான் கண்ணியமான சொல் போல என்று எடுத்துக்கொண்டோம்.

அழைப்பிதழ் அடிக்கிறவர்கள் மனதில் இன்னொன்றும் ஓடுகிறது. ‘வில்’ என்றால் கொஞ்சம் அதட்டலாக இருக்கிறதாம், சிறப்பு விருந்தினருக்கு ‘வுட்’ போட்டால் மரியாதையாம். ‘வுட் யூ’ என்று கேள்வியில் கேட்பது மரியாதைதான். அதற்காக ‘த சீஃப் கெஸ்ட் வுட் அட்ரஸ் த கேதரிங்’ மரியாதை ஆகிவிடாது. ஆங்கிலக்காரர் அதைப் படித்தால் ‘இஃப்’ எங்கே என்று தேடுவார். ஒருவேளை அழைத்தால் பேசுவாரோ என்று தோன்றும். ‘பவர் சப்ளை வுட் பி சஸ்பெண்டட்’ என்பதும் அப்படித்தான். மின்சாரம் நிற்கப்போவது உறுதி என்றால் ‘வில் பி’ என்று உறுதியாகவே சொல்லலாம்.

வாழ்க்கை வரலாறுகளில் ஒரு ‘வுட்’ வரும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘இன் 1914 ராமானுஜன் செய்ல்ட் ஃபார் இங்லண்ட். ஹி வுட் ரிட்டர்ன் ஒன்லி இன் 1919.’ கதை சொல்கிறவர் 1914-இல் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து முன்னால் பார்க்கிறார். ஐந்து வருடம் கழித்து உடல்நலம் குன்றித் திரும்பினார், அடுத்த ஆண்டே 32 வயதில் காலமானார் என்பதை அவர் அன்றைய கணக்கில் ‘வரப்போவது’ ஆக்கிக் காட்டுகிறார். அழகான உத்தி. தமிழில் ‘திரும்பினார்’ என்றே எழுதுகிறோம். இதை அப்படியே பெயர்த்து ‘1919-இல்தான் அவர் திரும்புவார்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

‘இவர் என் வுட்பி’ என்று என் தோழி அறிமுகப்படுத்தினாள். கூட இருந்த வெளிநாட்டுப் பெண்மணி ‘வுட் பி வாட்?’ என்று கேட்டுவிட்டார். அவமானமாகப் போய்விட்டது. அது ஆங்கிலம் இல்லையா?
— வாசகி, கோயம்புத்தூர்

ஆங்கிலம்தான், ஆனால் அங்கே அது தனியாக நிற்காது. பின்னால் ஒரு பெயர் வேண்டும்: ‘வுட்-பி போயட்’, ‘வுட்-பி ஆக்டர்’. கவிஞர் ஆக ஆசைப்படுகிறவர், நடிகராகத் துடிக்கிறவர். அதில் ‘இன்னும் ஆகவில்லை, ஆவாரா என்பதும் சந்தேகம்’ என்ற சின்ன நக்கல் ஒட்டிக்கொண்டிருக்கும். கொலை முயற்சியில் தோற்றவனைச் செய்தியில் ‘வுட்-பி அஸாஸின்’ என்பார்கள். நக்கல் பழையது. பென் ஜான்சன் 1606 வாக்கில் எழுதிய ‘வால்போனி’ நாடகத்தில் ‘சர் பாலிடிக் வுட்-பி’ என்று ஒரு பாத்திரம் உண்டு. வெனிஸ் நகரத்துக்கு வந்த ஆங்கிலேயர். அரசியல் ரகசியமெல்லாம் தனக்குத் தெரியும் என்று அலட்டிக்கொள்கிற ஆசாமி. பெயரிலேயே அவர் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. இந்த வாசனை தெரிந்த காதுக்கு, ‘என் வுட்பி’ என்றால் ‘என் ஆகப்பார்க்கிறவர்’ என்று பாதியில் நின்ற மாதிரி இருக்கும்.

கல்யாணம் நிச்சயமானவரை அவர்கள் ‘ஃபியான்ஸே’ என்பார்கள். அது பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உச்சரிப்பு ஒன்றே. எழுதும்போது ஆணுக்குக் கடைசியில் ஒரு ‘ஈ’, பெண்ணுக்கு இரண்டு ‘ஈ’.

தோழியை நீங்கள் திருத்தவேண்டியதில்லை. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கிறவருக்கு ஒரு சுருக்கமான சொல் தேவைப்பட்டது, நம் ஊர்க்காரர்கள் செய்துகொண்டார்கள். நம் ஊரில் அது புரியாத ஆளே கிடையாது. வெளிநாட்டவரிடம் மட்டும் ‘ஃபியான்ஸே’ என்று சொல்லச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ‘நான் கட்டிக்கப்போறவர்’ என்பதில் உள்ள உறுதி இரண்டிலும் இல்லை.

‘யூஸ்ட் டு’, ‘வுட்’ இரண்டுமே பழைய பழக்கத்தைச் சொல்லும் என்கிறார்கள். இஷ்டத்துக்கு மாற்றிப் போடலாமா?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், நாமக்கல்

பாதி இடத்தில் போடலாம். மீதிப் பாதியில்தான் வினாத்தாள் தயாரிப்பவர் உட்கார்ந்திருப்பார்.

முதலில் தமிழைப் பாருங்கள். ‘எங்க தாத்தா விடியறதுக்கு முன்னாடியே எழுந்துருவார். ஆத்துக்குப் போய்க் குளிப்பார். வந்து நீராகாரம் குடிப்பார்.’ தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், ஆனாலும் வினையெல்லாம் எதிர்காலத்தில் வருகிறது. யாருக்கும் இது விநோதமாகத் தெரிவதில்லை. பெயர்தான் எதிர்காலமே ஒழிய, வழக்கத்தைச் சொல்வது அதன் பழைய வேலை. ‘தீ சுடும்’, ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்கிறோம். நாளைக்குத்தான் சுடும் என்றா அர்த்தம்? ‘செய்யும்’ என்ற வாய்பாட்டை நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவாக வைக்கிறது நன்னூல். ஆக, தாத்தா கதையில் வரும் ஒவ்வொரு ‘வார்’, ‘ப்பார்’ இருக்கும் இடத்திலும் ஆங்கிலத்தில் ‘வுட்’ போடலாம். ‘ஹி வுட் கெட் அப் பிஃபோர் டான், ஹி வுட் பேத் இன் த ரிவர்.’ தமிழ் பேசுகிறவருக்கு இது இயல்பாக வரவேண்டிய இடம். இதைப் போய் ஏன் மனப்பாடம் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஏமாற்றும் இடம் அடுத்து வருகிறது. ‘முன்னாடி இந்த முக்குல ஒரு தியேட்டர் இருக்கும்’ என்று நாம் சொல்கிறோம். அதே ‘உம்’தானே என்று ‘தேர் வுட் பி எ தியேட்டர் ஹியர்’ என்றால் ஆங்கிலம் ஏற்காது. அவர்களுடைய ‘வுட்’டுக்குத் திரும்பத் திரும்ப நடக்கிற செயல் வேண்டும்: எழுவது, குளிப்பது, திட்டுவது. தியேட்டர் இருந்தது ஒரு செயல் இல்லை, ஒரு நிலை. சைக்கிள் வைத்திருந்தது, தலையில் முடி இருந்தது, ரஜினியைப் பிடித்திருந்தது எல்லாம் நிலை. அங்கெல்லாம் ‘யூஸ்ட் டு’தான்: ‘தேர் யூஸ்ட் டு பி எ தியேட்டர்’, ‘ஐ யூஸ்ட் டு ஹேவ் எ சைக்கிள்’. தமிழ் இரண்டுக்கும் ஒரே கதவைத் திறந்துவிடுகிறது. ஆங்கிலம் ஒன்றுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது.

அப்புறம், ‘வுட்’ திடீரென்று வந்து நிற்காது. எந்தக் காலத்துக் கதை என்று ஒரு வரியாவது முன்னால் போயிருக்க வேண்டும். ‘வென் வி லிவ்ட் இன் தென்காசி’ என்று தொடங்கிவிட்டால் பின்னால் எத்தனை ‘வுட்’ வேண்டுமானாலும் வரலாம். நல்ல எழுத்தாளர்கள் முதல் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’ போட்டுக் காலத்தை ஊன்றிவிட்டு, அடுத்த வாக்கியங்களை ‘வுட்’டில் ஓடவிடுவார்கள்.

‘வுட்’டில் ‘எல்’ எழுத்தை எழுதிவிட்டு ஏன் சொல்லாமல் விடுகிறோம்?
— ஏழாம் வகுப்பு மாணவன், தேனி

ஒரு காலத்தில் சொன்னார்கள் தம்பி. பழைய ஆங்கிலத்தில் அது ‘வோல்டே’. ‘ஷுட்’ என்பதற்கும் அப்படியே ஒரு ‘ல்’ சத்தம் இருந்தது. நாக்கு அதைக் காலப்போக்கில் விழுங்கிவிட்டது, எழுத்து மட்டும் மிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால் ‘கேன்’ என்பதன் இறந்தகாலமான ‘குட்’ என்ற சொல்லில் ஆதியில் ‘எல்’ கிடையாது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் இருக்கிறதே, இதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் எழுதுகிறவர்கள் சும்மா சேர்த்துவிட்டார்கள். ஸ்பெல்லிங் டெஸ்டில் நீ அதற்குத்தான் அடி வாங்குகிறாய்.

எங்கள் காலத்தில் ‘ஐ ஷல், யூ வில்’. இறந்தகாலத்தில் ‘ஐ ஷுட், யூ வுட்’ என்று ரென் அண்ட் மார்ட்டினை வைத்துக்கொண்டு பிரம்பால் சொல்லித்தந்தார்கள். இப்போது பேரன் எல்லாவற்றுக்கும் ‘வில்’, ‘வுட்’ என்கிறான். விதி எப்போது மாறியது?
— மூத்த வாசகர், நாகர்கோவில்

விதி மாறவில்லை ஐயா. அது விதியாகவே இருந்ததா என்பதுதான் கேள்வி. இந்த ஏற்பாட்டைத் துல்லியமாக எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ், 1653-இல். ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அடிப்படையில் அவர் கணித மேதை. எட்டைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும் முடிவிலிக் குறியை 1655-இல் கணிதத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். ‘நான்’ என்று வந்தால் ‘ஷல்’ என்பது வெறும் முன்னறிவிப்பு, ‘வில்’ என்பது உறுதிமொழி அல்லது மிரட்டல். ‘நீ’, ‘அவர்’ என்று வந்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். கணக்கு மாதிரி நேர்த்தியாக இருக்கிறதல்லவா? அதனாலேயே பள்ளிக்கூடங்கள் விடாமல் பிடித்துக்கொண்டன.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மக்கள் இப்படிப் பேசவே இல்லை. அமெரிக்காவிலும் இது வேரூன்றவில்லை. தென் இங்கிலாந்துக்காரர்கள் அதை வைத்து மற்றவர்களைக் கேலி செய்ய ஒரு பழைய ஜோக் வைத்திருந்தார்கள். தண்ணீரில் விழுந்த அயர்லாந்துக்காரர் ‘ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ!’ என்று கத்தினாராம். நான் மூழ்கப்போகிறேன், யாரும் காப்பாற்ற மாட்டீர்களா என்று பாவம் அவர் அலறுகிறார். வாலிஸ் விதிப்படி அதற்கு அர்த்தம், ‘மூழ்கியே தீருவேன், ஒருத்தனும் காப்பாற்றக் கூடாது’ என்று ஆகிறது. கரையில் நின்ற இலக்கணக்காரர்கள் அவர் விருப்பத்தை மதித்து விட்டுவிட்டார்களாம்.

உங்கள் ‘ஐ ஷுட்’ பழைய பிரிட்டிஷ் கடிதங்களில் இருக்கிறது: ‘ஐ ஷுட் பி க்ளாட் இஃப் யூ வுட் ரிப்ளை.’ இப்போது அதே மரியாதையை ‘ஐ வுட் பி க்ளாட்’ சுமக்கிறது. இன்று ‘ஐ ஷுட் கோ’ என்றால் ‘நான் போக வேண்டும்’ என்றுதான் புரிந்துகொள்வார்கள். பேரன் சொல்வது சரி, திட்டாதீர்கள். ‘ஷல்’ ஒழிந்துபோகவும் இல்லை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே ‘இந்தியா, தட் இஸ் பாரத், ஷல் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்’ என்றுதான் தொடங்குகிறது. சட்டத்தில் அது கட்டளை.

‘ஐட்’ என்று சுருக்கிச் சொல்லும்போது அது ‘ஐ ஹேட்’டா, ‘ஐ வுட்’டா? சப்டைட்டில் பார்த்தும் பிடிபடவில்லை.
— வாசகர், புதுச்சேரி

அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘ஐட் கோ’ என்றால் வுட். ‘ஐட் கான்’ என்றால் ஹேட். வினை சும்மா இருந்தால் வுட், மூன்றாம் வடிவத்துக்குப் போயிருந்தால் ஹேட். ‘புட்’, ‘கட்’ மாதிரி மூன்று வடிவமும் ஒன்றாக இருக்கும் வினைகளில் மட்டும் பேச்சின் போக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு விதிவிலக்கு உண்டு, மனப்பாடம்தான் வழி: ‘ஐட் பெட்டர் கோ’ என்பது ஹேட், ‘ஐட் ராதர் கோ’ என்பது வுட்.

காதில் விழாததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம் ஒவ்வொரு ‘வுட்’டையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறோம். அவர்கள் முன்சொல்லின் வாலில் ஒரு ‘ட்’ ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘வுட் ஹேவ்’ படும் பாடு இன்னும் மோசம், ‘வுடவ்’ என்று சுருங்கிவிடும். அதைக் கேட்டுக் கேட்டு ‘வுட் ஆஃப்’ என்றே எழுதும் ஆங்கிலக்காரர்கள் ஏராளம். தாய்மொழிக்காரரே செய்யும் பிழை. நம் பிள்ளைகள் பார்த்து எழுதிக் கற்றதால் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை.

ரயிலில் ஒருவர் ‘வுட் யூ மைண்ட் மூவிங் எ லிட்டில்?’ என்றார். நான் ‘யெஸ், யெஸ்’ என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். அவர் விழித்தார்.
— வியாபாரி, ஈரோடு

நகர்ந்தீர்களே, அது போதும். அவர் கேட்டது ‘நகர்ந்தால் உங்களுக்குச் சங்கடமா?’ என்று. நீங்கள் ‘ஆமாம், ஆமாம்’ என்று சொல்லிவிட்டு இடம் கொடுத்திருக்கிறீர்கள். ‘நோ’ அல்லது ‘நாட் அட் ஆல்’ சொல்லவேண்டும். குழப்பமாக இருந்தால் ‘ஷ்யூர்’ என்று ஒரே சொல்லில் தப்பித்துக்கொள்ளலாம், பல ஆங்கிலக்காரர்களே அதைத்தான் செய்கிறார்கள்.

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘ங்க’விலேயே மரியாதை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் என்று இரண்டு இருந்தன: ‘தௌ’, ‘யூ’. ‘தௌ’ வழக்கொழிந்தது. அமைச்சருக்கும் ‘யூ’, நாய்க்குட்டிக்கும் ‘யூ’. பெயரில் காட்ட முடியாத மரியாதையை அவர்கள் வினையில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. நம் ‘ங்க’ செய்யும் வேலையில் பெரும்பங்கு ‘வுட்’, ‘குட்’ தலையில் விழுந்திருக்கிறது. அதனால்தான் நாம் ‘கிவ் மீ டூ டிக்கெட்ஸ்’ என்று சொன்னால் அவர்கள் முகம் மாறுகிறது. நாம் மனதில் ‘குடுங்க’ என்றுதான் சொன்னோம். ஆங்கிலத்தில் ‘ங்க’ காணாமல் போய்விட்டது. ‘ஐட் லைக் டூ டிக்கெட்ஸ்’ என்றால் திரும்பி வந்துவிடும்.

‘த கார் வுடின்ட் ஸ்டார்ட்’ என்று ஒரு கதையில் படித்தேன். காருக்கு ஏது விருப்பம்? ‘டிட் நாட் ஸ்டார்ட்’ என்பதுதானே சரி?
— ஆசிரியர் பயிற்சி மாணவர், திருவண்ணாமலை

இரண்டும் சரி, ஒன்றல்ல. உங்கள் பைக் காலையில் மக்கர் செய்தால் வீட்டில் என்ன சொல்கிறீர்கள்? ‘ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.’ பைக் ‘மாட்டேன்’ என்று வாய் திறந்து சொன்னதா? அடம்பிடிக்கிறது என்று நாம்தான் உயிர் கொடுக்கிறோம். ‘கதவு திறக்க மாட்டேங்குது’, ‘காய்ச்சல் விட மாட்டேங்குது’. இதற்கு ஆங்கிலம் ‘இட் வோன்ட் ஸ்டார்ட்’. நேற்று நடந்த கதையாகச் சொன்னால் ‘இட் வுடின்ட் ஸ்டார்ட்’. ‘வில்’ என்ற சொல்லுக்கு ஆதியில் ‘விரும்பு’ என்றே பொருள். அந்தப் பழைய பொருள் எதிர்மறையில் இன்னும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. நம் ‘மாட்டேன்’ வேறு வழியில் வந்தது. பழந்தமிழில் மாட்டாமை என்றால் இயலாமை. அங்கே விருப்பமின்மை, இங்கே இயலாமை என்று இரண்டு மூலையிலிருந்து கிளம்பி, ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முன்னால் வந்து சந்தித்துக்கொள்கின்றன.

‘டிட் நாட் ஸ்டார்ட்’ என்பது தகவல். கிளம்பவில்லை, அவ்வளவுதான். ‘வுடின்ட்’ என்றால் நீங்கள் உதைத்துப் பார்த்தீர்கள், சாய்த்துப் பார்த்தீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்த்தீர்கள், அது அசையவில்லை என்பது வரை தெரிந்துவிடும். கதாசிரியர் தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

‘ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ’ என்று தலைமையாசிரியருக்கு எழுதலாமா?
— ஆசிரியை, அரியலூர்

நாளைக்கு வரப்போவதில்லை என்பது உறுதி என்றால் ‘ஐ வில் பி ஆன் லீவ்’. லீவு கேட்டு அனுமதி வேண்டுகிறீர்கள் என்றால் ‘ஐ வுட் லைக் டு டேக் லீவ் டுமாரோ’. நீங்கள் எழுதியிருப்பது இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. தலைமையாசிரியர் கறாரான ஆங்கில ஆசிரியராக இருந்துவிட்டால், ‘என்ன நடந்தால்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார்.

‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு முறை வருவது அச்சுப்பிழையா என்று கேட்டவர்களுக்கு அடுத்த இதழில்.